மாலத்தீவு செல்லும் வணிகர்களுக்கு

கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு நான்கு நாள் மாலத்தீவு பார்த்து வருவோம் என்று கிளம்பும் வணிகர்கள் நமது வட்டாரத்திலும் உண்டு. மகிழ்ச்சியே. ஆனால் கடலையும் மணலையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பினால் செலவில் பாதி வீண் என்போம். மளிகை வணிகர் கண் திறந்து பார்க்க வேண்டிய நாடு அது.

சுமார் 1,190 தீவுகளைச் சேர்த்தாலும் அதன் நிலப்பரப்பு 300 சதுர கிலோமீட்டர்தான்; நமது மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தாமிரபரணி போல ஓர் ஆறும் அங்கே கிடையாது. எனவே அரிசி முதல் வெங்காயம் வரை கப்பலில் வந்தாக வேண்டும். 2024-25ஆம் ஆண்டுக்கு மட்டும் 1,24,218 டன் அரிசியும், 35,749 டன் வெங்காயமும், 42 கோடிக்கு மேற்பட்ட முட்டைகளும் அந்நாட்டுக்கு அனுப்ப நமது அரசு அனுமதித்தது. தூத்துக்குடித் தோணிகள் அங்கே சரக்கு ஏற்றிச் சென்றது பழைய கதை. அந்நாட்டு மாசிக்கருவாட்டை அறியாத கருவாட்டு வணிகர் நம்மில் யார்?

போகுமுன் சில செய்திகள். திருவனந்தபுரத்தில் இருந்து விமானப் பயணம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். முன்கூட்டியே விசா வாங்க வேண்டியதில்லை. இறங்கியதும் கட்டணமின்றித் தருகிறார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, கைச்செலவுக்குப் பணம் ஆகியவற்றைக் காட்டத் தயாராக இருங்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் அந்நாட்டு அரசின் இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்டால் அது அரசின் தளம் அல்ல.

மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் ஆகியவற்றைக் கொண்டுசெல்லத் தடை உண்டு. வழித்துணைக்கென்று பையில் வைக்கும் சிறு பிள்ளையாரையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். தெரிந்தவர் தந்தார் என்று பிரித்துப் பார்க்காத பொட்டலம் எதையும் சுமக்காதீர்கள். போதைப்பொருள் வழக்கில் தண்டனை மிகக் கடுமை. சுற்றுலா அனுமதியில் வேலை பார்ப்பதும் குற்றம்.

நேரே ரிசார்ட் தீவுக்குப் போய்விட்டால் சந்தை கண்ணில் படாது. ஒரு நாளாவது தலைநகர் மாலேயில் தங்குங்கள். விமான நிலையத் தீவையும் மாலேயையும் இணைக்கும் பாலம் 2018இல் திறக்கப்பட்டதால் காரிலேயே போய்விடலாம். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள்; அன்று நண்பகல் தொழுகைக்குக் கடைகள் அடைத்திருக்கும். வடகரையில் உள்ள காய்கறிச் சந்தையையும் மீன் சந்தையையும் சுற்றி வாருங்கள். எந்த நாட்டு மூட்டை அடுக்கியிருக்கிறது, என்ன எடையில் பொட்டலம் போகிறது, பருப்பும் மிளகாய்ப் பொடியும் என்ன விலை என்று குறித்துக்கொள்ளுங்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு அங்கே இடமுண்டா என்றும் விசாரியுங்கள்.

அங்கே யாரேனும் சரக்குக் கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. எண் வேண்டும், பணம் வங்கி வழியே வர வேண்டும். 2024இல் அந்நாட்டுக்கு டாலர் தட்டுப்பாடு வந்து, நமது ரிசர்வ் வங்கி கைகொடுக்க வேண்டியிருந்தது. வாங்குபவர் நாணயமானவராக இருந்தாலும், அவர் வங்கியில் டாலர் இல்லையென்றால் நமது பணம் நிற்கும். உள்ளூரில் முகம் பார்த்துக் கடன் தருகிறோம். வசூலுக்குச் சைக்கிளில் போய் நிற்கலாம். கடல் தாண்டிப் போய் நிற்க முடியுமா? முன்பணமோ வங்கிக் கடனுறுதிக் கடிதமோ இல்லாமல் ஒரு மூட்டைகூட ஏற்ற வேண்டாம்.

தனித்தனியாகப் போவதைவிடச் சங்கத்தின் மூலம் பத்துப் பேர் சேர்ந்து போய், பார்த்ததைத் திரும்பி வந்து கூட்டத்தில் சொன்னால் எல்லோருக்கும் பயன். சிறு வியாபாரி தனியே அனுப்ப முடியாத சரக்கையும் பத்துப் பேராகச் சேர்ந்து அனுப்பலாம் என்பது நமது கருத்து.