தடாவில் நாலாயிரம், குரோம்பேட்டையில் ஆயிரத்து இருநூறு

தமிழ்நாட்டு அரசு 2023இல் முதியோர் உதவித்தொகையை 1,200 ரூபாய் ஆக்கியது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் தடாவில் அதே வயதுக்காரருக்கு 2024 ஜூலை முதல் 4,000 ரூபாய், அதுவும் மாதத்தின் முதல் தேதியன்று வீடு தேடி வருகிறது. கேரளம் 2025 நவம்பரில் 1,600 ரூபாயை 2,000 ஆக்கியது.

இந்த விஷயத்தில் நாம் முன்னே நடந்தவர்கள். 1962இலேயே முதியோர் ஓய்வூதியம் தொடங்கிய மாநிலம் இது. 2011இல் இங்கே தொகை 1,000 ஆனபோது ஆந்திரத்தில் வெறும் 200. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளில் நாம் கூட்டியது 200 ரூபாய். மத்திய அரசோ 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2007 முதல் அதே 200 ரூபாயைத்தான் தருகிறது. டெல்லியையும் கேட்டாக வேண்டும்.

குரோம்பேட்டை நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிலில் ஆயுளைக் கழித்தவர்களை எடுத்துக்கொள்வோம். பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014இலிருந்து 1,000 ரூபாய்தான். பி.பி., சர்க்கரை மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் வீட்டுக்கே வருகிறது, நல்ல திட்டம். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சைக்கும் காப்பீடு உண்டு. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யார் பார்ப்பது? இரவு பகலாக ஆள் வைத்தால் மாதம் 20,000 ரூபாயைத் தாண்டுகிறது. டயபர், ஏர் பெட், பிசியோதெரபி எல்லாம் தனிச் செலவு. முடியாத வீட்டில் மகளோ மருமகளோ வேலையை விடுகிறார். அந்த இழந்த சம்பளத்தை எந்த அரசும் கணக்கில் எழுதுவதில்லை.

ஆந்திரத்தைப் போல் கொடுத்தால் கஜானா தாங்காது என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கேரளமும் ஓய்வூதியத்தை மாதக்கணக்கில் பாக்கி வைத்துப் பழிக்கு ஆளானது. ஆனால் கேரளத்திடம் கற்க வேண்டியது தொகையை அல்ல. 2008இல் அது வகுத்த வலி நிவாரணக் கொள்கையால், உள்ளாட்சி அமைப்பின் செவிலியர் படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே போகிறார். சிறுநீர்க் குழாய் மாற்றுகிறார், படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார், எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று வீட்டாருக்குச் சொல்லித் தருகிறார். ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. நம் 'மக்களைத் தேடி மருத்துவ'த்திலும் இத்தகைய செவிலியர் உண்டு. ஆனால் கேரளத்தில் ஊராட்சி வரை இருப்பவர் இங்கே வட்டாரம் முழுவதற்கும் அலைகிறார்.

ஆகவே உதவித்தொகை உடனே 2,000 ரூபாய் ஆக வேண்டும். பிறகு விலைவாசியோடு ஆண்டுதோறும் உயர வேண்டும், தேர்தலோடு அல்ல. குரோம்பேட்டை அடங்கிய, 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் மண்டலங்கள் ஐந்து. ஒவ்வொன்றிலும் வீட்டுக்கு வரும் செவிலியர் குழு ஒன்றாவது வேண்டும். அதற்கான பணத்தை அடுத்த பட்ஜெட்டிலேயே ஒதுக்குங்கள். வார்டு உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, செவிலியர் குழு எங்கே என்ற கேள்வியைக் குரோம்பேட்டைவாசிகள் முதலில் கேட்கட்டும்.