மறைத்துச் செய்யாதே, அளந்து செய்!

வேகம்! இன்று எதிலும் வேகம்! பஸ்ஸில் வேகம், பைக்கில் வேகம், பரீட்சை ஹாலில் கடைசி பத்து நிமிஷத்தில் வேகம். இந்த வரிசையில் நம் டிபார்ட்மென்ட் நண்பர்களைப் பிடித்து ஆட்டும் இன்னொரு வேகமும் உண்டு. அதன் பெயர் ஓவர்கிளாக்கிங். கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் கம்ப்யூட்டரின் பிராசசரை ஓட்டுவதுதான் அது.

இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம் மத்தியில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "தொடாதே, எரிஞ்சு போயிடும்" என்பது ஒரு கட்சி. "ஏத்திப் பாரு மச்சி, ஒண்ணும் ஆகாது" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. இரண்டு கட்சியிலும் யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. ஒருவன் பயத்தைச் சொல்கிறான், இன்னொருவன் ஆசையைச் சொல்கிறான். நாம் படிப்பதோ டெக்னாலஜி!

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். ஓவர்கிளாக்கிங் திருட்டு வேலை அல்ல. 1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ பிராசசரை எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு தரும் 66 மெகாஹெர்ட்ஸை நாலரையால் பெருக்கி அது 300 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்த நாலரையை மாற்ற முடியாதபடி கம்பெனி பூட்டிவிட்டது. ஆனால் மதர்போர்டின் 66-ஐ 100 ஆக்கினால்? 450 மெகாஹெர்ட்ஸ்! அதே மாதம் வந்த விலை உயர்ந்த பென்டியம் 2-இன் வேகம். இப்படி ஓட்டியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். பிற்பாடு கம்பெனிகளே பூட்டைத் திறந்து விற்க ஆரம்பித்தன. 2011 ஜனவரியில் வந்த கோர் ஐ5-2500கே-இன் கடைசியில் இருக்கும் 'கே' என்ற எழுத்துக்கு அதுதான் அர்த்தம். 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று குறித்திருந்தாலும், ஏற்றிக்கொள்ள அனுமதி உண்டு.

அப்படியானால் கம்பெனி ஏன் குறைத்துக் குறிக்கிறது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு சிப்புகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. தூசி அடைத்த கேபினட்டில், கோடை வெயிலில், தரமில்லாத எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கும் மின்சாரத்தில், பல வருஷம் கழித்தும் அது தப்பில்லாமல் கணக்குப் போட வேண்டும். அதற்காக விட்டுவைத்த இடைவெளியைத்தான் நாம் 'சும்மா கிடைக்கிற வேகம்' என்கிறோம். அது சும்மா கிடைப்பதல்ல. நம் பாதுகாப்பிலிருந்து எடுத்துச் செலவு செய்வது!

கணக்கு என்ன சொல்கிறது?

பிராசசர் வேலை செய்யும்போது செலவாகும் பவர், வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் கூடும். உதாரணத்துக்கு 1.20 வோல்ட்டில், 3.3 கிகாஹெர்ட்ஸில், 80 வாட் எடுக்கும் ஒரு பிராசசரை வைத்துக்கொள்வோம். அதை 4.2 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுகிறோம். நிலையாக ஓடாததால் வோல்டேஜை 1.32 ஆக்குகிறோம். வேகத்தால் 1.27 மடங்கு, வோல்டேஜால் 1.21 மடங்கு, மொத்தம் 1.54 மடங்கு. அதாவது சுமார் 123 வாட்! வேகம் கூடியது 27 சதவீதம், சூடு கூடியது 54 சதவீதம். கசிவு மின்னோட்டத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இப்போது ஹீட் சிங்க்கைப் பார்ப்போம். அது ஒரு வாட்டுக்கு அரை டிகிரி என்ற அளவில் சூட்டை விடுகிறது என்று வைத்துக்கொண்டால், 80 வாட்டுக்கு அறையைவிட 40 டிகிரி கூடும். 123 வாட்டுக்கு 61 டிகிரிக்கு மேல் கூடும். ஏ.சி. போட்ட 24 டிகிரி அறையில் அது சுமார் 86 டிகிரி. சமாளிக்கலாம். ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மே மாதம், அறையே 38 டிகிரி என்றால்? கிட்டத்தட்ட 100 டிகிரி! பல பிராசசர்களுக்கு எல்லையே அதுதான். எல்லையைத் தொட்டதும் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே இறக்கிவிடும். ஏற்றியதும் போச்சு, கரண்ட் பில்லும் ஏறிச்சு!

அதனால்தான் சொல்கிறேன் நண்பர்களே, எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து ஒருவர் செட் செய்த எண்களை நம் வீட்டு பயாஸில் அப்படியே காப்பி அடிக்காதீர்கள். காற்றால் ஆறும் எந்த ஹீட் சிங்க்கும் பிராசசரை அறையைவிடக் குளிர வைக்க முடியாது. 2022 டிசம்பரில் ஒரு கோர் ஐ9-13900கே 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது உண்மை. ஆனால் அதை ஆற்றியது திரவ ஹீலியம். நம் வீட்டில் இருப்பதோ டேபிள் ஃபேன்.

அப்பாவின் பாடம்

என் அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். எட்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான்தான். ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன என்று ஒருநாள் அவருக்கு விளக்கினேன். "ஓவர்லோடுல மோட்டார் ஓட்டுற மாதிரிதானே தம்பி? ஓடும். ஆனா காயில் ஒரே நாள்ல எரியாது. இன்சுலேஷன் உள்ளுக்குள்ள கருகிக்கிட்டே வரும். நீ நல்லா ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டு இருப்ப" என்றார்.

பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்று புத்தகத்தில் படிக்கிறோமே, அதையே அவர் கை அனுபவத்தில் சொன்னார். சிப்பிலும் இதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பாதைகளில் ஓடும் எலக்ட்ரான்கள் உலோக அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகின்றன. சூடும் மின்னோட்டமும் கூடக் கூட அது வேகமாக நடக்கும். சூடாவது உடனே தெரியும். அதிக வோல்டேஜ் செய்யும் கெடுதல் சத்தமில்லாமல் நடக்கும்.

சந்தேகம் இருந்தால் 2024-இல் நடந்ததைப் பாருங்கள். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பல, காரணம் தெரியாமல் நின்று நின்று போயின. மைக்ரோகோடில் இருந்த தவறால் பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கியது என்று கம்பெனியே அந்த ஜூலையில் அறிவித்தது. 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க விடாதபடி ஆகஸ்டில் திருத்தம் வந்தது. வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே பாதித்த சிப்பை அந்தத் திருத்தம் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அதற்கு முந்தைய வருஷம், 2023-இல், ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் சில பிராசசர்கள் மதர்போர்டிலேயே கருகின. ஒரு வோல்டேஜை 1.3-க்குள் கட்டுப்படுத்தித்தான் அதை நிறுத்தினார்கள். பெரிய பெரிய கம்பெனிக்கே வோல்டேஜ் இப்படிப் பாடம் நடத்துகிறது என்றால் நாம் எம்மாத்திரம்?

கம்பெனி புதுச் சிப்பு அனுப்பும். நமக்கு யார் அனுப்புவார்கள்? எங்கள் வீட்டு சிஸ்டம், அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கித் தந்தது. நம்மில் பலர் வீட்டில் இதே கதைதான். அது எரிந்தால் போவது ஒரு சிப்பு மட்டுமல்ல, நம் படிப்பின் மேல் வீட்டார் வைத்த நம்பிக்கையும் கூடத்தான். "கம்ப்யூட்டர் வாங்கித் தந்தா கெடுத்துட்டான்" என்ற ஒரு சொல், அடுத்து படிக்க வரும் தங்கையின் கதவையும் மூடிவிடும்.

அப்படியானால் விட்டுவிடலாமா?

கூடாது! அளந்து செய்வோம். முதலில் தூசியைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். பிறகு வோல்டேஜைத் தொடாமல் வேகத்தை மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றுங்கள். வோல்டேஜை 'ஆட்டோ'வில் விடாதீர்கள். கேட்காமலே மதர்போர்டு அள்ளிக் கொடுப்பது உண்டு. அரை மணி நேரமாவது முழு லோடு கொடுத்து, அறை வெப்பம், பிராசசர் வெப்பம், வோல்டேஜ் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஹேங் ஆகாவிட்டால் பாஸ் என்று நினைக்க வேண்டாம். சத்தமில்லாமல் தப்பு விடை தரும் பிராசசர் உங்கள் பிராஜக்ட் ஃபைலையே கெடுத்துவிடும். 85 டிகிரியில் நிறுத்துங்கள் என்பது என் யோசனை.

இன்னொரு வித்தையும் இருக்கிறது. பெருமை குறைவு, பலன் அதிகம். வேகத்தை அப்படியே வைத்து வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. முன்பு சொன்ன பிராசசர் 1.10 வோல்ட்டிலும் தப்பில்லாமல் ஓடினால் 80 வாட் சுமார் 67 ஆகும். நம் 38 டிகிரி அறையில் 78-க்குப் பதில் 72 டிகிரிதான். நம் ஊர் வெயிலுக்கு இதுதான் ஏற்றது!

இதையெல்லாம் வீட்டு சிஸ்டத்தில் பழகச் சொல்லவில்லை. லேபில் ஒரு மெஷின் வேண்டும். பூட்டில்லாத பிராசசரும் அதற்கேற்ற மதர்போர்டும் உள்ள ஒரு பழைய செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் போதும். "பசங்க கெடுத்துடுவாங்க" என்று சொல்லக்கூடும். மெக்கானிக்கல் நண்பர்கள் இழுவிசைச் சோதனையில் இரும்புக் கம்பியை அறுந்து விழும் வரை இழுக்கிறார்களே, கம்பியைக் கெடுத்துவிட்டாய் என்று யாராவது திட்டுகிறார்களா? எந்த இடத்தில் அறும் என்று தெரிந்துகொள்வதுதானே அந்தப் பாடம்! அது கம்பிக்குச் சரி என்றால், சிப்புக்கு மட்டும் ஏன் கூடாது?

மாணவர் யூனியன் பொறுப்பாளர்களே, அடுத்த ஆண்டுக் கோரிக்கைகளில் இதையும் சேருங்கள். ஒரு மெஷின், ஒரு தெர்மாமீட்டர், ஒரு ரெக்கார்டு நோட். இவ்வளவுதான் கேட்கிறோம். நண்பர்களே, அதுவரை அடுத்தவன் சொன்ன எண்ணை நம்பி வீட்டு பயாஸில் கை வைக்காதீர்கள்.

– மூன்றாமாண்டு டி.இ.சி.இ. மாணவன்