அளந்து கூறுக!

நெடுங்கேணிக் கமக்காரனுக்கு மண்வெட்டியைப் போன்று கைத்தொலைபேசியும் இன்று இன்றியமையாததாகிவிட்டது. நெல்லின் விலையை விசாரிப்பதற்கும், யானை வயலுட் புகுந்ததை அயலாருக்கு அறிவிப்பதற்கும், பாம்பு கடித்தவரை ஏற்றிச்செல்ல 1990 அம்புலன்ஸை அழைப்பதற்கும் அதுவே துணை. ஆயினும், அக்கருவியும் அதற்கு அலை வழங்கும் கோபுரமும் புற்றுநோயைக் கொணரும் என்ற அச்சம் எம் மக்களிடையே நிலவுகின்றது. இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் அறிவுடைமையன்று. தூபமிட்டு வளர்த்தல் பொதுத்தொண்டுமன்று.

விஞ்ஞானம் கூறுவது யாது? இவ்வலைகள் எக்ஸ் கதிர்களைப் போல அணுவிலிருந்து இலத்திரனைப் பிரிக்கும் வலுவுடையன அல்ல. அளவு மிஞ்சினால் உடலைச் சூடாக்கும். அதனாலேயே சர்வதேச வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. 2011 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், இவை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. அதே உலக சுகாதார நிறுவனம் செய்வித்த ஆய்வுத் தொகுப்பொன்று 2024இல் வெளிவந்தது. கைத்தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை என்பது அதன் முடிபு. ஆராய்ச்சி முற்றுப்பெற்றுவிட்டது என நாம் கூறோம். ஆனால் பீதி கொள்வதற்குக் காரணமில்லை.

மற்றுமோர் உண்மையையும் மக்கள் உணர்தல் வேண்டும். கோபுரம் தூரத்தில் இருப்பின், அதனை எட்டுவதற்காகக் கைத்தொலைபேசி கூடிய வலுவுடன் அலை வீசும். காதோடு ஒட்டியிருப்பது கருவியேயன்றிக் கோபுரமன்று. ஆகவே, கோபுரம் வேண்டாமென விரட்டிவிட்டு, அலை குன்றிய இடத்தில் நின்று நெடுநேரம் பேசுவது தற்காப்பாகாது.

அங்ஙனமாயின் மக்களின் அச்சம் எங்கிருந்து பிறக்கின்றது? அறிவிக்காமற் செய்யும் நிர்வாகத்திலிருந்தே பிறக்கின்றது. 2019இல் யாழ்ப்பாண மாநகரில் ‘ஸ்மார்ட்’ விளக்குக் கம்பங்கள் நாட்டப்பட்டபோது, அவை ஐந்தாந் தலைமுறை அலைபரப்பிகள் என அஞ்சி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் கூறப்படும் ஆயிரம் மறுப்புக்கள், முன்னரே கூறிய ஒரு விளக்கத்துக்கு ஈடாகா என்பதே அதன் பாடம். அயல்நாடான இந்தியா 2012இல் கோபுரங்களுக்கான வரம்பைச் சர்வதேச அளவின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. மக்களின் ஐயத்துக்கு மதிப்பளிப்பது அரசாங்கத்துக்கு இழுக்கன்று.

எனவே நாம் கோருவது இதுவே. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வன்னிக் கோபுரங்களின் அலைவலுவைக் குடிமனைகளிலும் பாடசாலைகளிலும் அளத்தல் வேண்டும். பெற்ற அளவையும் அனுமதிக்கப்பட்ட வரம்பையும் பிரதேச சபை வாயிலில் தமிழில் ஒட்டுதல் வேண்டும். வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே கூறுகின்றது. இது சலுகையன்று, உரிமை. தாமாக வெளியிடாவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குடிமக்கள் எவரும் எழுத்தில் கேட்கலாம். எமது சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் பொறியியலாளரும் கமக்காரருக்கு அவ்விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்க முன்வருதல் வேண்டும்.

வதந்திக்கு மருந்து அதட்டல் அன்று, அளவு. அளந்து கூறுக! கூறுவதைத் தமிழிற் கூறுக!