சனிக்கிழமை மாலைக்கு ஓர் அறை: கப்பலூரில் குடிநோய் மீட்புக் கூட்டம் பற்றி எங்கள் நிலைப்பாடு

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர் குடிக்க நினைத்தால், பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை டாஸ்மாக் திறந்திருக்கிறது. குடியை விட நினைத்தால், மீட்புக் கூட்டத்துக்குப் போக மதுரை பெரியார் பஸ் நிலையத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு விசாரித்து விசாரித்து நடை. எட்டு மணிநேரம் லேத்தில் நின்றவர் எத்தனை வாரம் அப்படிப் போய்வருவார்?

குடியை விட்டவர்களும் விட விரும்புகிறவர்களும் சேர்ந்து உட்காரும் கூட்டம் கப்பலூரிலேயே, நடந்து போகும் தூரத்தில் வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. அதுவும் சனிக்கிழமை மாலையில் வேண்டும். வாரக்கூலி கையில் விழும் பொழுது அது. ‘இன்னைக்கு மட்டும்’ என்று மனசு சொல்கிற பொழுதும் அதுதான். ஞாயிறு காலை வைக்கும் கூட்டம் பலருக்கு ஓர் இரவு பிந்திவிடுகிறது.

‘குடிகாரன்’ என்ற சொல்லை நாங்கள் விட்டுவிட்டோம். குடிநோயாளி என்றே சொல்கிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மதுவால் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. 2019-இல் மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் மதுவைச் சார்ந்தே வாழும் நிலையில் இருக்கிறார்கள். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஓர் உதவி பெற்றதாகச் சொன்னார். மற்ற 37 பேரும் நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருந்தவர்களை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். குடிக்கமாட்டேன் என்று கோயிலில் கயிறு கட்டியவர்களையும் தெரியும். அந்த உறுதியை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம். மாலை போட்டிருக்கும்வரை சுற்றிலும் சாமிமார் இருக்கிறார்கள், பேச ஆள் இருக்கிறது. மாலையைக் கழற்றிய மறுநாள் அவர் தனியாக நிற்கிறார். அந்த மறுநாளுக்குத்தான் கூட்டம் வேண்டும்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கியதில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். ஏ.ஏ. என்றால் தமிழ்நாட்டிலும் தெரியும். கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் மட்டும் போதும். இறைவனை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம். 2020-இல் வந்த காக்ரேன் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் அனுபவத்தை அலசியது. குடியைத் தொடாமல் தொடர்ந்து இருப்பதற்கு, இந்த வழியை முறையாகப் பின்பற்றச் செய்யும் சிகிச்சை மற்றச் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது என்றது.

எங்களுக்குள்ளேயே ஒரு மறுப்பு எழுந்தது. சொந்த ஊரில் வைத்தால் யார் வருவார்கள்? சூப்பர்வைசர் பார்ப்பார், பொண்ணு கேட்டு வருகிற வீட்டாருக்குத் தெரிந்துவிடும். இந்தப் பயம் பொய்யல்ல. ஆனால் அவர் குடிப்பது தெருவுக்கே தெரியும். நிறுத்த முயல்வதைத்தான் மறைக்கிறோம். அதனால் அறை எந்தக் கம்பெனி வளாகத்துக்குள்ளும் இருக்கக்கூடாது, வருகைப் பதிவு கூடாது, நிர்வாகத்துக்குத் தகவல் போகவே கூடாது என்கிறோம். தெரியாத முகங்களுக்கு நடுவே பேசத்தான் மனம் வரும் என்பவர் மதுரைக்குப் போகட்டும். பஸ் செலவு எங்கள் பொறுப்பு.

கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று அல்ல. பல வருஷம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கிவிட்டால் முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் கூட்டம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் மனநல உதவிச் சேவையில் 14416 என்ற எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென்றே 14446 உண்டு. இரண்டும் கட்டணமில்லாதவை.

ஒரு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுக்கமாட்டோம். ‘குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று சுவரில் ஒட்டுகிறார்களே, அதை நம்பாதீர்கள் அக்கா. டைசல்ஃபிரம் போன்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து இதயமே நிற்கக்கூடும். டாக்டர் எழுதி, குடிப்பவர் தெரிந்து சம்மதித்து எடுக்கவேண்டிய மருந்து அது. அதேபோல, அடைத்துவைத்து அடிக்கும் இடம் மீட்பு மையம் ஆகாது. சேர்க்கும் முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஊராட்சி மன்றத்திடமும் தொழிற்பேட்டைக் கம்பெனி உரிமையாளர்களிடமும் நாங்கள் கேட்பது ஓர் அறையும், ஷிப்ட் முடிந்து அங்கே போகிறவரை ஓவர்டைம் சொல்லி நிறுத்தாத மனசும்தான். கூட்டத்தை நாங்கள் நடத்தமாட்டோம், அது ஏ.ஏ. உறுப்பினர்கள் கையில். ஏ.ஏ. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. வாடகையைக்கூட உறுப்பினர்களே உண்டியலில் போட்டுக் கட்டுவது அவர்கள் மரபு. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அதற்கும் பக்கத்திலேயே ஒரு திண்ணை கிடைத்தால், வாரமெல்லாம் அடங்கிக்கிடக்கும் பெண்கள் வாய்திறந்து பேசுவார்கள்.

அறை கிடைக்கும்வரை எங்கள் அலுவலகத்தின் முன்னறை சனிக்கிழமைதோறும் மாலை 6 முதல் 8 வரை திறந்திருக்கும். பெயர் சொல்லவேண்டாம். இரண்டு பேர் வந்தாலே கூட்டம்தான்.