வேண்டாம் என்பது மட்டும் விடையாகுமா?



அமெரிக்காவில் கணவருடன் வாழ்ந்து வரும் வாசகி ஒருவர் மடல் எழுதியிருக்கிறார். இரண்டாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகன் பள்ளியிலிருந்து ஓர் அழைப்பிதழைக் கொண்டு வந்தானாம். அக்டோபர் 31ஆம் நாள் மாலை, வகுப்புத் தோழன் வீட்டில் 'ஹாலோவீன்' விருந்து. பேயாகவோ சூனியக்காரியாகவோ வேடமிட்டு வர வேண்டும் என்பது அழைப்பு. "அது நமக்கு ஆகாது வாப்பா" என்று தாய் கூறியிருக்கிறார். மகன் அழவுமில்லை, அடம் பிடிக்கவுமில்லை. "கிறிஸ்துமஸும் வேண்டாம், இதுவும் வேண்டாம். நமக்கு எதுதான் உம்மா வேண்டும்?" என்று மட்டும் கேட்டானாம். "அவனுக்கு என்ன பதில் சொல்வேன்?" என்று நம்மிடம் கேட்கிறார் அச்சகோதரி.

நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து என்று பரவி வாழும் காலம் இது. ஆகவே இக்கேள்வி ஒரு வீட்டின் கேள்வியன்று.

முதலில் அவ்விழாவை அறிந்து கொள்வோம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த பண்டைக் கெல்டிய மக்கள், குளிர்காலம் தொடங்கும் இரவில் ஆவிகள் உலவுவதாக நம்பினர். பிற்காலத்தில் கிறித்தவர்கள் நவம்பர் 1ஆம் நாளைப் புனிதர் அனைவரின் திருநாளாக்கினர். அதற்கு முந்திய மாலையே ஹாலோவீன். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் அயர்லாந்தைவிட்டு வெளியேறிய மக்களோடு இவ்வழக்கம் அமெரிக்காவில் பெருகியது. தாயகத்தில் நூல்கோல் போன்ற கிழங்குகளைக் குடைந்து விளக்கேற்றியவர்கள், அங்கே பூசணிக்காயைக் குடைந்தனர். இன்று அந்நாட்டினரில் பெரும்பாலோர்க்கு அது வழிபாடன்று, பிள்ளைகளின் கேளிக்கையே. எனினும் அதன் வேரும் வேடமும் நம் ஏகத்துவ நம்பிக்கைக்கு ஒவ்வாதவை. தாய் கூறிய "ஆகாது" என்பதில் தவறில்லை. ஆனால் அதனோடு அவர் நிறுத்திக்கொண்டதுதான் குறை.

சற்றே சிந்தியுங்கள். அவ்விரவில் பிள்ளையின் மனத்தைக் கவர்வது பேயா? அன்று. புத்தாடை, தோழர் கூட்டம், இருட்டியபின் வீடு வீடாகச் செல்லும் துணிச்சல், பை நிறைய இனிப்பு ஆகிய நான்குமே. இந்நான்கில் எதை மார்க்கம் தடுத்தது?

பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அம்மக்கள் ஆண்டில் இரண்டு நாட்களை விளையாட்டு நாட்களாகக் கொண்டாடி வந்தனர். அவற்றுக்குப் பகரமாக அவற்றினும் சிறந்த இரு நாட்களை, நோன்புப் பெருநாளையும் ஹஜ்ஜுப் பெருநாளையும், அல்லாஹ் வழங்கிவிட்டான் என்று அண்ணலார் அறிவித்ததை அபூதாவூத் நூலில் காண்கிறோம். எடுத்ததோடு நிற்கவில்லை, மேலானதைக் கையில் கொடுத்தே எடுத்தார்கள். பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஆசைதீரக் காணும்வரை அண்ணலார் உடன் நின்றார்கள். நம் வீட்டிலோ பெருநாள் என்றால் தொழுகை, பிரியாணி, பின் பெரியவர்களின் உறக்கம்! பிள்ளைக்கென்று என்ன வைத்திருக்கிறோம்?

வளைகுடா நாடுகளைப் பாருங்கள். ரமலான் நடுப்பகுதியில் குவைத்திலும் பஹ்ரைனிலும் 'கர்கியான்', கத்தாரில் 'கரங்காவோ' என்ற பெயரில் சிறுவர்கள் மரபுடை அணிந்து, கழுத்தில் துணிப்பை மாட்டி, பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்வர். கடலையும் மிட்டாயும் பெறுவர். இது ஊர் வழக்கமேயன்றி மார்க்கக் கடமையன்று. ஆயினும் பேயில்லாமலும் பிள்ளைகள் மகிழ முடியும் என்பதற்கு இது சான்று.

ஆகவே சகோதரியே, உங்கள் வீட்டிலேயே ஒரு பெருநாள் விருந்துக்குத் திட்டமிடுங்கள். பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், பிள்ளைக்கு அது எப்போது வரும் என்று தெரிவதில்லை. சுவர் நாட்காட்டியில் அவன் கையாலேயே வட்டமிடச் செய்யுங்கள். நியூயார்க் நகரப் பொதுப்பள்ளிகள் 2015ஆம் ஆண்டு முதல் இரு பெருநாட்களுக்கும் விடுமுறை அளிக்கின்றன. பல ஊர்களில் அன்றும் பள்ளி உண்டு. அங்கெல்லாம் அடுத்து வரும் சனிக்கிழமையே வசதி.

அழைப்பிதழை அவனே எழுதட்டும். முஸ்லிமல்லாத தோழர்களையும் அழையுங்கள். கடலை, முந்திரி ஒவ்வாத பிள்ளைகள் உண்டா எனப் பெற்றோரிடம் முன்னரே கேட்டறியுங்கள். கடை மிட்டாய்களில், குறிப்பாக மென்மையாக இழுபடுபவற்றில், பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் கலந்திருப்பதுண்டு. உறையைப் படித்து வாங்குங்கள். நம் கடல்பாசி இருக்க நமக்கென்ன கவலை? கடற்செடியிலிருந்து கிடைக்கும் அதைப் பல வண்ணங்களில் காய்ச்சி, பிறை வடிவிலும் விண்மீன் வடிவிலும் வெட்டி வைத்தால் பிள்ளைகள் மொய்த்துவிடுவர்.

தெரிந்த நான்கைந்து குடும்பங்கள் கூடி, பிள்ளைகள் பையுடன் வீடு வீடாக வந்து ஸலாம் சொல்லி இனிப்புப் பெற ஏற்பாடு செய்யுங்கள். பெரியவர் ஒருவர் உடன் செல்வது கட்டாயம். கையில் மின்கல விளக்கு இருக்கட்டும். 1975 முதல் 2016 வரையிலான விபத்துகளை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் அமெரிக்கச் சாலைகளில் நடந்து செல்வோர் உயிரிழப்பது பிற மாலைகளைவிட 43 விழுக்காடு மிகுதி எனக் கண்டனர். இருளில் பிள்ளைகளைத் தனியே விடலாகாது என்பதற்கு இதனினும் எச்சரிக்கை வேண்டுமா?

திகில் கதை கேட்பார்களா? விளக்கைத் தணித்து, மீன் வயிற்றின் இருளில் யூனுஸ் (அலை) அவர்கள் இறைவனை அழைத்த வரலாற்றைக் கூறுங்கள். அச்சத்தில் தொடங்கும் கதை, நம்பிக்கையில் முடியும்.

ஒரு பையை ஏழைக்கென ஒதுக்க மறவாதீர்கள். அந்நாட்டுப் பிள்ளைகளே 1950 முதல் ஹாலோவீன் இரவில் ஐ.நா. சிறுவர் நிதிக்குக் காசு திரட்டி வருகின்றனர். நம் பிள்ளை பெருநாள் தொழுகைக்கு முன் ஃபித்ராவைத் தன் கையால் கொடுக்கட்டும்.

சரி, அக்டோபர் 31 வரும்போது? ஆசிரியையிடம் முன்னரே பணிவுடன் சொல்லி வையுங்கள். அழைத்த தோழனின் தாய்க்கு நன்றி கூறி, வேறொரு நாள் அப்பிள்ளையை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். வாயில் விளக்கை அணைத்துவிட்டால் பிள்ளைகள் அவ்வீட்டைத் தட்டுவதில்லை என்பது அங்குள்ள வழக்கம். தட்டிவிட்டாலோ முகம் சுளிக்காதீர்கள். வந்திருப்பது அண்டை வீட்டுப் பிள்ளை.

இவ்வளவும் செய்ய உங்களுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் "நமக்கு எதுதான் வேண்டும்?" என்று ஏழு வயதில் கேட்கும் பிள்ளைக்கு விடை கிடைக்காவிட்டால், பதினேழு வயதில் அவன் கேட்காமலே போய்விடுவான். விடையை வாயால் சொல்வதைவிடப் பையில் போட்டுக் கொடுப்பது எளிது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை ஈமானோடும் மகிழ்ச்சியோடும் வளர்க்க அருள் புரிவானாக! ஆமீன்.