மூன்றாவது தகுதி

‘மறைவல்லுநர்’ என்பது கத்தோலிக்கத் திருச்சபை தன் பேராசான்களுக்கு வழங்கும் பட்டம். புனிதர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, இந்தப் பட்டம் பெற்றவர்கள் 38 பேர் மட்டுமே. 2025 நவம்பர் 1 அன்று ஜான் ஹென்றி நியூமனைத் திருத்தந்தை பதினான்காம் லியோ 38ஆவது நபராக அறிவித்தார்.

இதற்கான தகுதிகள் மூன்று: சிறந்த போதனை, தூய வாழ்வு, திருச்சபையின் முறையான அறிவிப்பு. முதல் இரண்டும் புனிதர் ஈட்டியவை. மூன்றாவது பிறர் கையில் இருக்கிறது. இந்தப் பட்டத்தின் வரலாறு பெரும்பாலும் அந்தக் கையின் வரலாறுதான்.

சிறப்புப் பெயர்களின் கதை வேறு. தாமஸ் அக்குவினாஸை வானதூதருக்கு நிகரான வல்லுநர் என்பார்கள். பெர்னார்டைத் தேனொழுகப் பேசுபவர் என்பார்கள். இத்தகைய பெயர்கள் பல, இடைக்காலப் பள்ளிகளிலும் துறவு மடங்களிலும் புழங்கி நிலைத்தவை. அவற்றுக்கு ரோமின் முத்திரை தேவைப்படவில்லை. ‘நுட்ப வல்லுநர்’ டன்ஸ் ஸ்கோட்டஸும் ‘வியத்தகு வல்லுநர்’ ரோஜர் பேக்கனும் 38 பேரில் இல்லை. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

முத்திரை யாரிடம் இருந்ததோ அவர் சார்பும் அதில் பதிந்தது. 1567இல் தொமினிக்கன் சபைத் துறவியான திருத்தந்தை ஐந்தாம் பயஸ், அதே சபையின் அக்குவினாஸுக்குப் பட்டம் தந்தார். 1588இல் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த ஐந்தாம் சிக்ஸ்துஸ் தம் சபையின் பொனவெந்தூருக்குத் தந்தார். இருவரும் தகுதியானவர்களே. கொடுத்தவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கதே.

பெண்களுக்கோ அந்தக் கை நெடுங்காலம் நீளவில்லை. அவிலா தெரேசாவுக்கான கோரிக்கை 1923இல் ரோமில் நிராகரிக்கப்பட்டது. சொல்லப்பட்ட தடை, அவர் பெண் என்பது. 1970இல் ஆறாம் பவுல் அவரையும் சியன்னா கத்தரீனாவையும் ஒரு வார இடைவெளியில் மறைவல்லுநர்களாக அறிவித்தார். முறையாகப் பள்ளிக்குச் செல்லாத கத்தரீனா, அவிஞ்ஞோனில் தங்கிவிட்ட திருத்தந்தையை ரோமுக்குத் திரும்பச் சொல்லிக் கடிதம் அனுப்பியவர். 1380இல் அவர் இறந்தபோதே அந்தக் கடிதங்கள் இருந்தன. இடையில் மாறியது அவை அல்ல, திருச்சபை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 1964 முதல் பெண்கள் பார்வையாளர்களாக அமர்ந்தார்கள். பின்னர் லிசியே தெரேசாவும் (1997) ஹில்டகார்டும் (2012) சேர்ந்தும், பெண்களின் எண்ணிக்கை நான்குதான்.

அண்மைய அறிவிப்புகளில் காலத்தின் தேவை வெளிப்படையாகவே தெரிகிறது. சின்ன ஆசியாவில் பிறந்து லியோன் ஆயரான இரேனேயுஸை, 2022இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘ஒற்றுமையின் மறைவல்லுநர்’ என்றார். கிழக்குக்கும் மேற்குக்கும் அவரே பாலம் என்பது காரணம்.

பட்டியல் இன்னும் மத்தியதரைக் கடலையும் ஐரோப்பாவையும் சுற்றியே நிற்கிறது. சிரியாவின் எப்ரேமும் ஆர்மீனியாவின் நாரேக் கிரகோரியும் உண்டு. இந்தியா, சீனா, லத்தீன் அமெரிக்கா, சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா ஆகியவற்றில் பிறந்தவர் ஒருவரும் இல்லை. இன்று கத்தோலிக்கர் பெருகிவரும் நிலங்கள் இவற்றில் பல. அங்கே போதித்தவர் இல்லை என்று முடிவுகட்டும் முன், கத்தரீனாவின் கடிதங்கள் காத்திருந்த 590 ஆண்டுகளை ரோம் எண்ணிப் பார்க்கட்டும்.