ஊசி போட்டு இளைக்கலாமா?

 

நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாயிற்று, மண்டபமும் பேசியாயிற்று, இனிப் பெண் சற்று இளைத்தால் போதும் என்று கூறும் குடும்பங்கள் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் பெருகி வருகின்றன. சபரில் இருக்கும் கணவர் விடுமுறையில் வருமுன், பிள்ளைப்பேற்றில் ஏறிய எடையைக் குறைத்துவிட வேண்டுமென லெப்பைக்குடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ ஒரு சகோதரி நினைப்பதிலும் வியப்பில்லை. மிகை எடை நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வழி வகுப்பதால், அதைக் குறைக்க விரும்புவது நல்லதே. ஆயினும், நாற்பதே நாளில் இளைக்கலாம் என ஆசை காட்டும் ஊசி முறை ஒன்றைக் குறித்து எச்சரிக்க வேண்டியுள்ளது.

ஹெச்.சி.ஜி. என்பது கருவுற்ற பெண்ணின் நச்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன், அதாவது இயக்குநீர். சிறுநீரில் இது காணப்படுவதைக் கொண்டே கர்ப்பம் உறுதி செய்யப்படுகிறது. குழந்தைப்பேறின்மைக்கான சிகிச்சையிலும், ஆண்களின் சில இயக்குநீர்க் குறைபாடுகளிலும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகின்றனர். அது முறையான மருத்துவம். எடை குறைப்பதற்கு இதைப் போட்டுக்கொள்வதுதான் விபரீதம்.

இம்முறையின் தொடக்கம் நமது நாட்டோடு தொடர்புடையது. இந்தியாவில் பல்லாண்டுகள் பணியாற்றிய சிமியன்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், உடல் பருத்த சிறுவர்களுக்கு இந்த இயக்குநீரைச் சிறிய அளவில் கொடுத்தபோது அவர்களது பசி தணிந்ததாகக் கருதினார். பின்னர் ரோம் நகரில் குடியேறி, தினம் ஓர் ஊசியும் 500 கலோரி உணவும் என்று ஒரு முறையை வகுத்து, 1954-இல் லண்டன் மருத்துவ இதழான 'லான்செட்'டில் எழுதினார். அது உலகெங்கும் பரவியது.

பிற மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தனர். ஒரு சாராருக்கு ஹெச்.சி.ஜி. ஊசியும், மற்றொரு சாராருக்கு மருந்தே இல்லாத ஊசியும் போட்டு, இருவருக்கும் அதே 500 கலோரி உணவைக் கொடுத்தனர். இரு சாராரும் ஒன்றுபோலவே இளைத்தனர்! நெதர்லாந்து ஆய்வாளர்கள் 24 ஆய்வுகளைத் தொகுத்து 1995-இல் வெளியிட்ட முடிவும், எடை குறைப்பில் இந்த ஊசிக்குப் பங்கிருப்பதாகச் சான்றில்லை என்பதே. 2011-இல் அமெரிக்க அரசு, இதன் பெயரால் சொட்டு மருந்து விற்ற நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆக, இளைக்க வைப்பது பட்டினியே அன்றி ஊசியன்று. ஊசி அந்தப் பட்டினிக்கு வைத்தியம் என்ற வேடத்தைப் போட்டுவிடுகிறது.

அந்தப் பட்டினியின் அளவைப் பாருங்கள். அதிக உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,660 கலோரி தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட கணக்கு. 500 கலோரி அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட எட்டாது. ஏழெட்டு இட்லியோடு அன்றைய உணவு முடிந்துவிடும். பாலூட்டும் தாய்க்கோ வழக்கத்தை விடக் கூடுதலான உணவு வேண்டும். இவ்வாறு பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். பித்தப்பையில் கல் உண்டாகலாம். இரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகள் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். ஊசியின் தீங்குகள் வேறு: தலைவலி, மனச்சோர்வு, உடலில் நீர் தேங்குதல், அரிதாக இரத்தம் உறைந்து குழாயை அடைத்தல். கர்ப்பமில்லாத பெண்ணுக்கும் பரிசோதனையில் கர்ப்பம் என்று காட்டிக் குடும்பத்தில் குழப்பம் விளைவதும் உண்டு.

ஊசியே இல்லாத பட்டினியும் உயிரைக் குடிக்கக்கூடும். எடை கூடுமென அஞ்சி, உணவை ஏறக்குறையக் கைவிட்டிருந்த கேரள மாணவி ஒருவர் 2025 மார்ச்சில் உயிரிழந்த செய்தியை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

"நாம் ரமலானில் பட்டினி இருப்பதில்லையா?" என்று சிலர் கேட்கக்கூடும். நோன்புக்குச் சஹர் உண்டு, இஃப்தார் உண்டு, கஞ்சியும் உண்டு. பகலில் தவிர்த்த உணவை இரவில் உண்கிறோம். கடமையான அந்த நோன்பிலேயே நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் சலுகை வழங்கியிருக்கிறது. இறைவன் சலுகை அளித்த உடலின் மீது, எவரோ கைப்பேசியில் சொன்னதைக் கேட்டு நாற்பது நாள் பட்டினியைச் சுமத்துவது எவ்வகையில் நியாயம்?

எடை கூடியிருந்தால் முதலில் காரணத்தை அறியுங்கள். தைராய்டு குறையாலும் சினைப்பை நீர்க்கட்டியாலும் எடை கூடுவதுண்டு. பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மிகக் குறைந்த கலோரி உணவு சிலருக்குத் தேவைப்படலாம்; அதுவும் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில்தான். மற்றவர்கள் எண்ணெய்ப் பலகாரத்தையும் தேநீரில் சர்க்கரையையும் குறைத்து, சோற்றின் அளவைச் சுருக்கி, காய்கறியும் பருப்பும் மீனும் சேர்த்து, தினமும் அரை மணி நேரம் நடந்தால் வாரத்திற்கு அரைக் கிலோ குறைந்தாலும் போதுமானது.

பெற்றோர்களே! மாப்பிள்ளை வீட்டார் ஏதோ சொன்னார்கள் என்பதற்காக மகளின் தட்டிலிருந்து சோற்றை எடுத்துவிடாதீர்கள். நிக்காஹ்வுக்குப் பின்னும் அவள் நெடுங்காலம் வாழ வேண்டியவள். உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பதை மறந்துவிடலாகாது.